பத்தரை மணி ஈரம்

இசபெல்லா பத்தொன்பது ஆண்டுகளாக, வாரத்தில் ஆறு நாள், வேலைக்குப் போன இடத்தில் தலைக்குக் குளித்து வருகிறவள். நாமக்கல்லிலிருந்து துறையூர் செல்லும் சாலையை ஒட்டிய ஒரு கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் அவளுக்கு வேலை. அதற்குள் நுழையக் குளியலறையைத் தவிர வேறு வழி கிடையாது. வெளியறையில் உடுத்திவந்த துணியைக் களைந்து வைத்துவிட்டு, நடுவறையில் ஷாம்பு போட்டுத் தலை நனையக் குளித்து, உள்ளறையில் நீலச் சீருடையை மாட்டிக்கொண்டு மறுபக்கம் வெளிவர வேண்டும். முதலாளியே வந்தாலும் அதுதான் வழி. உள்ளே மூன்று லட்சம் முட்டைகள் ஒரே கூரையின்கீழ் சூடேறிக்கொண்டிருக்கின்றன. யாரோ ஒருவர் முடியில் ஒட்டி வரும் நோய் போதும், அத்தனையும் பாழாகிவிடும்.

குளிப்பதற்கு முன்னால் ஒரு தாளிலும் கையெழுத்திட வேண்டும். கடந்த எழுபத்திரண்டு மணி நேரத்தில் ஏதேனும் கோழிப்பண்ணைக்குள் சென்றீர்களா, வீட்டில் கோழி வளர்க்கிறீர்களா என்று அந்தத் தாள் கேட்கும். திரும்பிய பக்கமெல்லாம் பண்ணை நிற்கும் நாமக்கல் வட்டாரத்தில் அப்படிக் கேட்பது, கடற்கரை ஊரில் ஒருவரை நிறுத்திக் காலில் மணல் பட்டதா என்று கேட்பது போலத்தான். இருந்தாலும் எல்லோரும் 'இல்லை' என்றே எழுதினார்கள். இசபெல்லா எழுதிய 'இல்லை'கள் அனைத்தும் உண்மையானவை. உறவினர் வீட்டுத் திருமணம் ஒரு பண்ணைத் தோட்டத்தில் நடந்தபோது, வாசலில் நின்றே மொய்க்கவரைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவள் அவள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டியொன்றில் தராசு பிடித்தவரின் மகள் அவள். விலங்கியல் படித்து, லாரி ஓட்டுநரான தோமினிக்கை மணந்து, நாமக்கல்லுக்கு வந்து சேர்ந்தாள். பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து பிறந்த மகள் ஜோஸ்லினுக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை. மூன்று வயதில் அறுவைசிகிச்சை செய்து காதுக்குள் கருவி பொருத்தினார்கள். ஆனால் கருவி ஒலியைக் கொண்டு சேர்க்குமே தவிர, அதைப் பேச்சாகப் புரிந்துகொள்ளக் குழந்தை பழக வேண்டும். அதற்காகச் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் முற்பகல் பதினொரு மணிக்குச் சேலத்தில் பயிற்சி. தாயும் உடன் அமர்ந்து கற்றுக்கொண்டு வீட்டில் அதையே செய்ய வேண்டும் என்பது ஆசிரியையின் கண்டிப்பு. ஆறு வயதுக்குப் பிறகு பழகுவது மிகவும் மெதுவாகிவிடும் என்றும் அவர் சொல்லியிருந்தார். ஜோஸ்லினுக்கு இப்போது ஐந்தேகால். தோமினிக் மாதத்தில் இருபத்தைந்து நாள் ஒடிசா பக்கம் லாரியில் இருந்ததால், அந்த இரண்டு முற்பகல்களும் இசபெல்லாவின் பொறுப்பு.

அதற்காகத்தான் சென்ற ஆண்டு மேலாளர் வெங்கடாசலத்திடம் அவள் மனுக் கொடுத்தாள். அவர் ஒருத்திக்கு மட்டும் சலுகை காட்ட விரும்பாமல், அவளோடு சேர்த்துத் தரப்பிரிவில் இருந்த எட்டுப் பேருக்கும் நேரத்தைத் தளர்த்திவிட்டார். வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் நிறைய வேண்டும். காலை ஐந்துக்கும் இரவு எட்டுக்கும் இடையில் அவரவர் வசதிப்படி வரலாம், போகலாம். பொரிந்த குஞ்சுகளை இயந்திரத்திலிருந்து இறக்கும் திங்களும் வியாழனும் மட்டும் எல்லோரும் ஐந்து மணிக்கே உள்ளே இருக்க வேண்டும். ஓராண்டு பார்ப்போம், ஒருவர் ஏமாற்றினாலும் எட்டுப் பேருக்கும் பழையபடி எட்டிலிருந்து ஐந்துதான் என்று அப்போதே சொல்லி வைத்தார்.

ஆடி மாதத்தில் வெங்கடாசலம் ஒரு கூட்டம் போட்டார். இயந்திரங்களின் வெப்பநிலையை மணிக்கு ஒருமுறை நேரில் பார்த்து எழுத வேண்டும். காலை ஏழு, எட்டு, ஒன்பது மணிக் குறிப்புகள் பல நாள்களில் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே எண்ணாக இருக்கின்றன, யாரோ உட்கார்ந்த இடத்தில் நிரப்புகிறார்கள் என்றார். யார் என்றோ, எந்த இயந்திரம் என்றோ சொல்லவில்லை. ஆனால் பேசி முடிக்கும்வரை அவர் பார்வை இசபெல்லாவின் மேல்தான் இருந்தது. சலுகை கேட்டவள் அவள். வாரத்தில் இரண்டு முற்பகல் காணாமல் போகிறவளும் அவள். அந்த மாதக் கடைசிக்குள் இது சரியாகாவிட்டால் சலுகை ரத்து என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்றிலிருந்து இசபெல்லா எல்லோரையும் உற்றுப் பார்க்கத் தொடங்கினாள்.

பார்ப்பதும் எளிதாக இல்லை. பொரிப்பகம் இரண்டு பக்கங்களாகப் பிரிந்தது. முட்டைப் பக்கத்தில் இருப்பவர் குஞ்சுப் பக்கம் போகக் கூடாது. இசபெல்லா முட்டைப் பக்கம்; அங்கே எழுதிய குறிப்புகள் சரியானவை என்பது அவளுக்குத் தெரியும். குஞ்சுப் பக்கத்தில் காலைநேரம் பெரும்பாலும் சண்முகப்பிரியா ஒருத்தியின் கையில் இருந்தது. எருமப்பட்டி பக்கம் தோட்டம் துரவோடு இருக்கும் குடும்பத்துப் பெண், இருபத்தெட்டு வயது, தை மாதம் திருமணமானவள். எதிர்ப்பட்டால் சிரித்த முகமாக நின்று பேசுவாள். இரண்டு பக்கத்தாரும் சந்திக்கும் ஒரே இடம் நடுவிலிருந்த சாப்பாட்டு அறை. நேரம் காலை பத்தரை.

அந்த அறையில்தான் ஒரு புதன்கிழமை இசபெல்லாவின் கண்ணில் அது பட்டது. சண்முகப்பிரியா டப்பாவைத் திறந்து குனிந்தபோது அவள் பின்னலின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் மேசையில் விழுந்தது. கைரேகைப் பதிவில் அவள் வந்த நேரம் ஏழு மணி ஐந்து நிமிடம்; சாப்பாட்டு அறைத் திரையில் அன்றைய வருகைப் பட்டியல் ஓடியதை இசபெல்லாவே பார்த்தாள். ஏழு மணிக்குக் குளித்தவள் தலை பத்தரைக்குச் சொட்டுமா? ஆறு மணிக்குக் குளித்த இசபெல்லாவின் தலை எப்போதோ உலர்ந்திருந்தது. ஈரக்கை பட்டால் கைரேகை இயந்திரம் ஏற்காது என்பதற்காக அதைக் குளியலறைக்கு வெளியே, வாசல் அலுவலகத்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள். விரலை வைத்துவிட்டுக் குளிக்காமலே திரும்பிப் போனால் உள்ளே இருக்கும் யாருக்கும் தெரியாது; வருவதும் போவதும் அவரவர் வசதி என்பதால் வாசல் காவலாளியும் கேட்க மாட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அறிவுமதியிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அறிவுமதி தரப்பிரிவில் இளையவள். தளர்ந்த நேரத்தை வைத்துக்கொண்டு சனிக்கிழமைகளில் பி.எட். வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் சிரித்துவிட்டாள். "அவளுக்கு முடி அடர்த்திங்க்கா. உங்களுக்கும் எனக்கும் இருக்கற நாலு மயிரு மாதிரியா?"

சரியான மறுப்புத்தான். ஆகவே இசபெல்லா வியாழக்கிழமை வரை பொறுத்தாள். அன்று குஞ்சு இறக்கும் நாள். ஐந்து மணிக்கு எல்லோரும் ஒன்றாகத்தான் குளித்தார்கள். பத்தரைக்குச் சண்முகப்பிரியாவின் பின்னால் போய் நின்று, ஒட்டியிருந்த நூலை எடுத்துவிடுகிற சாக்கில் பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். நன்றாகக் காய்ந்திருந்தது. சனிக்கிழமை மறுபடியும் சொட்டியது. அடுத்த புதனும் சொட்டியது. அடுத்த வியாழன் காய்ந்திருந்தது.

சந்தேகத்துக்கு ஒரு கால் கிடைத்தால் மற்ற மூன்றையும் அதுவே முளைக்க வைத்துக்கொள்ளும். எண்பத்தெட்டு சதவீதமாக இருந்த பொரிப்பு இரண்டு மாதமாக எண்பத்தாறாகக் குறைந்திருந்தது; இசபெல்லா அதையும் இதோடு முடிச்சுப் போட்டாள். சண்முகப்பிரியாவின் ஸ்கூட்டர் மிதியடியில் உமி ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, பண்ணை பண்ணையாகப் போய்த் தடுப்பூசி போடும் கூட்டத்தில் அவள் சேர்ந்துவிட்டாளோ என்று நினைத்தாள். இன்னொரு பொரிப்பகத்தில் காலைமுறை பார்க்கிறாளோ, இங்குள்ள வெப்பநிலைக் கணக்கை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறாளோ என்றும் ஓடியது மனம். அவள் சிரித்துக்கொண்டே வணக்கம் சொன்னால் ஏன் சிரிக்கிறாள் என்று யோசித்தாள். சிரிக்காவிட்டால் தெரிந்துவிட்டதோ என்று யோசித்தாள்.

வெங்கடாசலத்திடம் போய் ஈரத்தலையைச் சாட்சியாக வைக்க முடியாது. கண்ணால் பார்த்ததாகச் சொல்ல வேண்டும். மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. காலைநேரத்தில் அவள் வெளியே இருக்கும் நாள்கள் செவ்வாயும் வெள்ளியும் மட்டுமே. ஆகவே அந்த வெள்ளிக்கிழமை, சேலத்து ஆசிரியைக்குத் தொலைபேசியில் ஜோஸ்லினுக்குக் காய்ச்சல் என்று சொன்னாள். அலுவலக வாட்ஸ்அப் குழுவிலும் அதையே போட்டு விடுப்புக் கேட்டாள். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பொரிப்பகத்துக்கு எதிரிலிருந்த டீக்கடையின் மறைவில் வண்டியை நிறுத்தினாள்.

ஏழு மணி மூன்று நிமிடத்துக்குச் சண்முகப்பிரியா வந்தாள். வாசல் அலுவலகத்துக்குள் போனாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு வெளியே வந்து எருமப்பட்டி பக்கமாகப் போனாள். இசபெல்லா நான்கு வண்டி இடைவெளி விட்டுப் பின்தொடர்ந்தாள். ஊரைத் தாண்டி, சோளக்காடுகளுக்கு நடுவே மண்தடத்தில் இறங்கி, ஒரு கம்பிக் கதவுக்குள் அந்த ஸ்கூட்டர் மறைந்தது. கதவின் மேல் நாச்சிமுத்து கோழிப்பண்ணை என்று எழுதியிருந்தது. வெளியிலிருந்து நீளமான கொட்டகைகளின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. உள்ளே என்ன வேலை நடக்கிறது என்பது தெரியாமல் திரும்பினால் வந்ததற்குப் பொருளே இல்லை. இசபெல்லா வண்டியை வேலியோரம் விட்டுவிட்டு, கதவருகே நோய்த் தடுப்புக்காகக் கோடாகத் தூவியிருந்த சுண்ணாம்புத் தூளைத் தாண்டி நாற்பது அடி நடந்தாள்.

கொட்டகையின் முனையில், நைட்டியின் மேல் ஒரு பழைய ஆண் சட்டையைப் போட்டு, தலையில் துண்டு கட்டிய பெண்ணொருத்தி முட்டை அட்டைகள் அடுக்கிய தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். இசபெல்லாவைப் பார்த்ததும் நின்றாள். திடுக்கிட்டது ஒரு நொடிதான். பிறகு சண்முகப்பிரியாவின் முகத்தில் வழக்கமான சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனுங்கக்கா, இன்னைக்கு வெள்ளிக்கிழமையல்லீங்க? பாப்பாவுக்கு சேலத்துல கிளாஸ் இருக்குமே. காய்ச்சல்னு போட்டிருந்தீங்க?"

இசபெல்லா கேட்கும் முன்பே சண்முகப்பிரியா எல்லாவற்றையும் சொன்னாள். பதினெட்டாயிரம் கோழிகள் உள்ள அந்தப் பண்ணை அவளுடைய மாமனாருடையது. முட்டை பொறுக்கிக்கொண்டிருந்த ஒடிசாக் குடும்பங்கள் இரண்டும் ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. மாமியாருக்கு மூட்டுவலி. ஒன்பதரைக்கு முட்டை லாரி வந்துவிடும். அதற்குள் அத்தனையையும் பொறுக்கி அடுக்க வேண்டும். பொரிப்பகத்தில் சேர்ந்தபோது வீட்டில் கோழி இல்லை என்று எழுதியது உண்மை. திருமணத்துக்குப் பிறகு அந்தப் பதிலை மாற்றினால் வேலை போய்விடும். இங்கே ஒருமுறை, அங்கே ஒருமுறை என்று ஷாம்பு போட்டுத்தானே குளிக்கிறேன், இதில் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்டாள்.

"ரீடிங்?" என்று இசபெல்லா கேட்டாள். "நீ எழுதின பொய்க்கு சார் என்னைச் சந்தேகப்படறாரு. தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க" என்றாள் சண்முகப்பிரியா. சற்றும் குரல் மாறவில்லை.

"எம் பொண்ணுக்குப் பேச்சு வரணும்னா எனக்கு அந்த நேரம் வேணும். அதுவும் தெரியுமா?"

"அதுந்தெரியுமுங்க. அதுனாலதான் நீங்க சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன். சொல்றதுன்னா சொல்லீருங்கக்கா, நான் என்ன கையவா புடிக்க முடியும்? ஆனா எங்க வெச்சுப் பார்த்தேன்னு அவரு கேப்பாரல்லீங்க? கொஞ்சம் திரும்பிப் பாருங்க. நீங்களும் சுண்ணாம்பத் தாண்டி உள்ள வந்துட்டீங்க."

இசபெல்லா திரும்பிப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டின் குறுக்கே அவள் செருப்புத் தடம் பளிச்சென்று பதிந்திருந்தது. பத்தொன்பது ஆண்டுகளில் முதல்முறை.

"திங்கக்கெழமை குஞ்சு எறக்கோணும். வராம இருக்க முடியாது. வந்தா அந்தத் தாள்ல கையெழுத்துப் போடோணும்" என்றாள் சண்முகப்பிரியா. "மொத நாளுதான் கை நடுங்குமுங்க. அப்பறம் பழகிரும்." பிறகு, ஊருக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வது போல, ஓர் அட்டை முட்டை எடுத்துக்கொண்டு போகும்படி வற்புறுத்தினாள். இசபெல்லா ஒன்றும் வாங்காமல் வண்டியை எடுத்தாள். அப்போது மணி எட்டேகால்.

எட்டேகாலை அவள் மறக்கவில்லை. வெள்ளி எட்டேகாலிலிருந்து எழுபத்திரண்டு மணி நேரம் என்றால் திங்கள் எட்டேகால். குஞ்சு இறக்க ஐந்து மணிக்குள் உள்ளே போக வேண்டும். குறைவது மூன்றேகால் மணி நேரம். வீட்டில் செருப்பைக் கழுவினாள், சேலையைக் கொதிநீரில் முக்கினாள், தானும் இரண்டு முறை குளித்தாள். குளித்த பிறகுதான், இதே பேச்சைத்தானே சண்முகப்பிரியாவும் பேசினாள் என்று உறைத்தது. 'இல்லை' என்று எழுதினால் வேலையும் நேரமும் நிற்கும். ஆனால் அந்த நிமிடம் முதல் அவை சண்முகப்பிரியாவின் பிடியில் இருக்கும். வராமல் நின்றுவிட்டால், குஞ்சு இறக்கும் நாளில் காணாமல் போனவள் என்ற பெயரோடு சலுகை அன்றே முடிந்துவிடும். உண்மையை எழுதினால் என்ன ஆகும் என்பதை அவளால் ஊகிக்க முடியவில்லை. நல்லது ஆகாது என்று மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமையும் அதே காய்ச்சலைச் சொல்லி விடுப்பு எடுத்தாள். அன்று மாலை சண்முகப்பிரியாவிடமிருந்து செய்தி வந்தது. பாப்பாவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்று எழுதி, கூப்பிய கைகளின் படம் ஒன்றும் சேர்த்திருந்தாள். ஜோஸ்லின் அப்போது கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தாள். இசபெல்லா அந்தச் செய்தியை மூன்று முறை படித்தாள். இனி எத்தனை ஆண்டு இப்படி நலம் விசாரிப்பாள் என்று நினைத்தபோதுதான் அவள் தீர்மானத்துக்கு வந்தாள்.

திங்கள் காலை கைரேகை இயந்திரத்தைத் தொடாமல் நேரே வாசல் அலுவலகத்து மேசைக்குப் போனாள். தாள் கொடுக்கும் காவலாளி பெரியசாமி, அவள் எழுதியதை வழக்கம்போலப் படிக்காமலே வாங்கி அடுக்கினார். பிறகு ஏதோ வித்தியாசமாகப் பட்டுத் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

"தப்பா எழுதிப் போட்டீங்க பாருங்கம்மா" என்று வேறு தாளை நீட்டினார்.

"தப்பில்லண்ணா. நான் உள்ள போகல. சாரைக் கூப்பிடுங்க."

வெங்கடாசலம் உள்ளேயிருந்து வர எட்டு மணி ஆகிவிட்டது. ஒருமுறை வெளியே வந்தால் திரும்பக் குளித்துத்தான் போக வேண்டும் என்ற எரிச்சல் அவர் முகத்தில் இருந்தது. இசபெல்லா நின்றபடியே, ஈரத்தலையில் தொடங்கி வெள்ளிக்கிழமை வரைக்கும், தன் பொய்யையும் விடாமல், வரிசையாகச் சொன்னாள். அவர் சண்முகப்பிரியாவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"அப்ப வெள்ளிக்கெழம நீங்க சேலம் போகல" என்றார்.

"போகல சார்."

"இதுக்கு முந்தி எத்தன வெள்ளிக்கெழம போகலைன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? வேவு பாக்கறதுக்காம்மா நேரம் குடுத்தேன்?"

அவள் ஆசிரியையின் எண்ணைச் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அங்கேயே நின்று அழைத்தார். ஒலிபெருக்கியைப் போட்டு, நிறுவனத்திலிருந்து விசாரிப்பதாகச் சொன்னார். வருகைப் பதிவைப் புரட்டும் சத்தம் கேட்டது. இந்த ஆண்டு நடந்த ஐம்பத்தெட்டு வகுப்புகளில் தவறியது ஒன்றுதான், அதுவும் குழந்தைக்குக் காய்ச்சல் என்பதால் என்றார் ஆசிரியை. காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்டு வெங்கடாசலம் இசபெல்லாவைப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை. ஆனால் முகம் சுட்டது.

"எனக்குத் தளர்த்தின நேரம் வேண்டாம் சார்" என்றாள். "நீங்களே மணி போட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எவ்வளவு சீக்கிரமா வேணாலும் வர்றேன். செவ்வாயும் வெள்ளியும் ஒன்பது மணிக்கு நான் பஸ் ஏறணும். அது மட்டும் போதும்."

வெளிச்சுவர்க் கேமராவில் ஒரு மாதத்துப் பதிவைப் போட்டுப் பார்த்தபோது, விரலை வைத்துவிட்டுத் திரும்பும் துப்பட்டாத் தலை பதினேழு நாள் தெரிந்தது. சண்முகப்பிரியாவை வேலையை விட்டு அனுப்புவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவளுடைய மாமனார் நாச்சிமுத்து, பண்ணையில் கோழிகளை மாற்றும் ஒவ்வொரு முறையும் இருபதாயிரம் குஞ்சு இந்தப் பொரிப்பகத்திலேயே வாங்குகிற வாடிக்கையாளர். ஆகவே குளிக்கத் தேவையில்லாத, நாமக்கல் நகரத்து விற்பனை அலுவலகத்துக்கு அவளை மாற்றினார்கள். பொரிப்பு எண்பத்தாறாகக் குறைந்ததற்கு அவள் காரணமா என்பது கடைசிவரை தெரியவில்லை. அடுத்த மாதமும் அது எண்பத்தாறாகவே நின்றது.

எட்டுப் பேருக்கும் பழையபடி எட்டிலிருந்து ஐந்து என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். அதற்குக் கீழே, இசபெல்லாவுக்கு மட்டும் செவ்வாயும் வெள்ளியும் அதிகாலை நான்கு முதல் எட்டரை, ஈடாக ஞாயிறு அரைநாள் என்று முத்திரையோடு இன்னொரு தாள். சாப்பாட்டு அறையில் அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாகக் கிடந்தது. தன் சனிக்கிழமை வகுப்பை இழந்த அறிவுமதி மட்டும் ஒருநாள் எதிரில் வந்து நின்றாள்.

"உங்க பாப்பாவுக்கு நேரம் எழுதி வாங்கிட்டீங்க. எனக்கு யாருங்க்கா எழுதித் தருவாங்க?"

இசபெல்லா வெங்கடாசலத்திடம் அறிவுமதிக்காக ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். உங்கள் வேலையை மட்டும் பாருங்கள் என்று அவர் சொன்னதை அறிவுமதியிடம் சொல்லவில்லை. சொன்னாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

இரண்டாவது வாரத்து வெள்ளிக்கிழமை, மூன்று மணிக்கே எழுந்து நான்கரை மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் விட்டிருந்த குழந்தையைக் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்துச் சேலத்துக்கு வந்து சேர்ந்தாள். பயிற்சி அறையில் ஆசிரியை ஓர் அட்டையால் தன் வாயை மறைத்துக்கொண்டு ஒரு சொல்லைச் சொன்னார். உதட்டைப் பார்க்காமல் காதால் மட்டும் வாங்கி ஜோஸ்லின் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் சொல் இசபெல்லாவுக்குக் கேட்டது. இரண்டாவதும் கேட்டது. பிறகு யாரோ தோளைத் தொட்டார்கள். கண் விழித்தபோது ஆசிரியை எதிரில் நின்றிருந்தார். ஜோஸ்லின் தாயின் முழங்காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வீட்ல இதை நீங்கதானே செய்யணும். பாத்தீங்களா இல்லையா?"

பார்த்தேன் என்று சொல்ல வாய் வந்தது. இசபெல்லா நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தூங்கிட்டேன் டீச்சர்" என்றாள். "மொதல்லேருந்து இன்னொரு வாட்டி காட்டுங்க."